தேயாத குளம்புகள்

"அப்பா, நம்ம ஆடுங்களோட ரத்தம் எனக்கு வேணும். எல்லா ஆட்டோடதும். இன்னைக்கே."

யானினா கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று சற்று முன்னால்தான் வாசலில் வைத்து அம்மா ஓதிலியா கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். இன்றைக்கு மட்டும் இல்லை. யானினா கால்நடை மருத்துவம் படித்து முடித்து மலார்குவே ஊரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதே பல்லவிதான். "காசு கேளு, குதிரையைக் கேளு, சண்டைகூடப் போடு. ஆட்டைச் சோதிக்கிறேன்னு மட்டும் அவர்கிட்ட வாயெடுத்துடாத, யானி."

அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவனைப் பார்த்து உனக்கு எத்தனை ஆடு என்று கேட்பதே அவன் சட்டைப் பைக்குள் கையை விடுவது மாதிரி. ரத்தம் கேட்பது சட்டையையே கிழிப்பது.

அப்பா நிக்கானோர் மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குடுவையின் குழலை உறிஞ்சினார். அடியில் தண்ணீர் தீர்ந்து கொர்ரென்று ஓசை வந்ததும் குடுவையை மனைவியிடம் நீட்டினார். ஓதிலியா அதே இலையின் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி மகளிடம் கொடுத்தாள். அம்மாவின் கை சுட்டது. மத்தியானம் ஆனால் அவளுக்குக் காய்ச்சல் ஏறும். பொழுது சாயும்போது துணி நனைய வியர்த்து இறங்கும். மூட்டுவாதம் என்று வீட்டில் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

யானினா ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். மாத்தேயை வாங்கும்போது யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால், எனக்குப் போதும் என்று அர்த்தம். குடுவை சொன்னவரைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட மரியாதையில், முதல் வாய்க்கே நன்றி சொல்லிவிட்டு, தன் முறை வரவே இல்லை என்று அழுதாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தன் முறையை அவளுக்குக் கொடுத்தார்.

"கேட்டது காதுல விழுந்துச்சா அப்பா?"

"விழுந்துச்சு. கிழவன்தான் ஆயிருக்கேன், செவிடு ஆகல. ஓதிலியா, டாக்டரம்மாவுக்கு ரத்தம் வேணுமாம். ஏன், ஊருல கறிக்கடையெல்லாம் மூடிட்டாங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க. மேட்டுல இருந்து வர்றேன்."

அந்தச் சொல் வேலை செய்தது. அவர் கண் ஒரு கணம் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

காலையில் வனக்காவலர் பசுவால்தோவுடன் மேட்டுக்குப் போயிருந்தாள். காண்டார் கழுகுகளைக் கண்காணிப்பது அவள் வேலை. குதிரையில் போன ஒருவன் சொல்லியனுப்பியிருந்தான்: அடுத்த பட்டிக்காரரான செஃபெரினோ கிழவனின் எல்லைக்குப் பக்கத்தில் யாரோ கறுப்புத் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று. கிட்டே போனபோது துணி எதுவும் இல்லை. இருபதுக்கு மேல் காண்டார்கள். இறக்கையை விரித்தால் ஒரு வீட்டுச் சுவரை மறைக்கிற பறவைகள் அலகால் மண்ணைக் கவ்விக்கொண்டு, விரல்கள் இறுகி, காற்றில் வயிற்று இறகுகள் படபடக்கக் கிடந்தன. நடுவில் ஒரு வெள்ளாட்டின் உடல். அதன் தொடைச்சதைக்குள் ஊதா நிறக் குருணை மருந்து. தோட்டத்துப் பூச்சிக்குப் போடுகிற மருந்து. தடை செய்து பல வருஷம் ஆகிறது. வேண்டியவனுக்கு இன்னும் கிடைக்கிறது.

சாவிலும் பந்தி வரிசை தெரிந்தது. ஆட்டின் தலைமாட்டில் இரண்டு கராஞ்சோப் பருந்துகள்: எப்போதும் முதலில் வந்து கண்ணையும் நாக்கையும் கொத்துகிறவை. அவற்றை ஒட்டி, தலையில் கொண்டையும் கழுத்தில் வெள்ளைப் பட்டையும் வைத்த கிழட்டு ஆண் காண்டார்கள். ஆட்டுத்தோலைக் கிழிக்கிற பலம் அவைகளுக்குத்தான் உண்டு; அவை கிழித்துக் கொடுக்காவிட்டால் மற்றவை வெறுமனே சுற்றி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அடுத்து பெண்கள். கடைசி வட்டத்தில் பழுப்பு மாறாத இளசுகள். இளசுகளுக்கு மற்ற நாளில் எலும்பும் தோலும்தான் மிஞ்சும். நேற்று பெரிசுகள் சாய்ந்து பந்தி சீக்கிரமே காலியாகிவிட்டது. இளசுகள் வயிறு நிறையத் தின்றிருந்தன.

காண்டாருக்கு மோப்பம் கிடையாது என்றே சொல்லலாம். கண்தான். ஒன்று இறங்குவதை மலைக்கு அப்பாலிருக்கிற இன்னொன்று பார்க்கும். அது இறங்குவதை மூன்றாவது பார்க்கும். தரையில் கறுப்பாகக் கிடந்தவற்றை விருந்தாளிகள் என்று நினைத்துத்தான் மற்றவை இறங்கியிருக்கின்றன. செத்தவை உயிரோடிருந்தவற்றைக் கூப்பிட்டிருக்கின்றன.

"ஆடு தூக்குற பூமாச் சிறுத்தைக்கு வச்ச விஷம்," என்றார் பசுவால்தோ, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு. "செஃபெரினோதான். போன வாரம் சாராயக்கடையில மேஜை மேல ஏறி நின்னு சத்தம் போட்டான், பூமாவோட குடும்பத்தையே கருவறுக்கிறேன்னு. கிழட்டு மடையன். உள்ள போகப்போறான்."

"பூமாவுக்கு வச்சதில்ல இது."

"ஆரம்பிச்சுட்டியா டாக்டரு."

"பூமா தன் இரையைப் புல்லு, குச்சி போட்டு மூடி வைக்கும். எதுக்கு? மேல இருந்து பாக்கிறவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான். பூமாவைக் கொல்லணும்னா மூடினதுக்குள்ள மருந்தை வச்சிட்டுத் திரும்ப மூடிட்டுப் போவாங்க. இது பொட்டல்வெளி. வயித்தைக் கத்தியால கீறி, குடலை வெளிய இழுத்துப் பரப்பியிருக்கான். இது வானத்துக்கு வச்ச சாப்பாடு."

"பறவையைக் கொல்றதுக்கு ஒரு முழு ஆட்டை எவன் வீணாக்குவான்? அதுங்க என்ன பண்ணுச்சு அவனை?"

அவள் குனிந்து ஆட்டின் தலையைத் திருப்பினாள். காது இரண்டும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காது வெட்டு; அதைப் பார்த்தால் யார் வீட்டு ஆடு என்று குருடன்கூடத் தடவிச் சொல்வான்.

"கராஞ்சோ தின்னிருக்கும்," என்றார் பசுவால்தோ.

கராஞ்சோ பாதி நாக்கை மிச்சம் வைத்துவிட்டுச் செருப்புத் தோல் மாதிரி இருக்கிற காதைத் தின்னாது. கத்தி. அதைச் சொல்லத்தான் யானினா வாயைத் திறந்தாள். அப்போது கொம்பைப் பார்த்தாள். இடது கொம்பு பாதியில் முறிந்து, முறிந்த இடத்தில் கோணலாக மறுபடி வளர்ந்திருந்தது. முதல் வருஷ விடுமுறையில், பாடத்தில் படித்ததை உடனே செய்து பார்த்துவிட வேண்டும் என்ற திமிரில், அந்தக் கொம்புக்குக் கட்டுப் போட்டவளே அவள்தான். சரியாகப் போடவில்லை, கோணலாகத்தான் சேர்ந்தது. வீட்டு ஆடு. சீமாட்டி என்று பெயர்.

வாயை மூடிக்கொண்டாள். கையுறையைப் போட்டு, எதற்கென்று தெரியாமலே, ஒரு பெண் காண்டாரின் தீனிப்பையை அறுத்தாள். முட்ட முட்ட நிறைந்திருந்தது. தனக்கு மட்டும் தின்ற அளவு இல்லை அது. ஏதோ ஒரு பாறை இடுக்கில் இன்னும் பறக்கத் தெரியாத போன வருஷத்துக் குஞ்சு ஒன்று ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். மேலே விஷக்கறி. அதற்குக் கீழே, அதற்கு முன்பே தின்ற வேறொன்று: நஞ்சுக்கொடித் துண்டுகள், ரோமம் முளைக்காத தோல், சுண்டுவிரல் நுனியளவு குளம்புகள்.

எதற்காக இந்தப் பறவைகள் செத்தன என்பது அவளுக்கு அப்போது புரிந்தது.

இப்போது அந்தக் குளம்புகளில் ஒன்று பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில், பொரித்த ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஐயோ, சாப்பிடற மேஜையில வைக்காத," என்றாள் ஓதிலியா.

"இங்கதான் வைக்கணும். இது என்னன்னு சொல்லுங்க அப்பா."

"குளம்பு. கழுதைக்குக்கூடத் தெரியும். காண்டார் என் குட்டிங்களைத் தூக்கிட்டுப் போகுதுன்னு நான் சொல்லிட்டேதானே இருக்கேன்? இப்ப நீயே சாட்சி கொண்டாந்திருக்கே. பள்ளத்தாக்கு முழுக்க அதான் பேச்சு."

"பள்ளத்தாக்குக்கு யாரு சொன்னா? நீங்க சொன்னீங்க. நல்லாப் பாருங்க. நுனியில மஞ்சளா பிசிறு இருக்குல்ல, ஊறவச்ச தோல் மாதிரி? வயித்துக்குள்ள இருக்கும்போது தாயைக் கிழிச்சுடக் கூடாதுன்னு இருக்கிற பிசிறு. பொறந்து எழுந்து நின்னு நாலு எட்டு வச்சா, நம்ம கல்லுல தேஞ்சு போயிடும். இது தேயல. இந்தக் குட்டி ஒரு தடவைகூட நிக்கல. செத்துப் பொறந்தது. அதுவும் மாசம் ஆகாம. காண்டார் தூக்கிட்டுப் போகல. நீங்க வெளிய எறிஞ்சதைத் தின்னுருக்கு."

நிக்கானோர் பையைக் கையில் எடுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"காதை அறுத்தீங்க," என்றாள். "கொம்பை மறந்துட்டீங்க."

அடுப்பில் விறகு ஒன்று வெடித்தது. அவருக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. பழைய சிரிப்பு இல்லை. தும்மல் மாதிரி ஒன்று.

"கொம்பு," என்றார். "பார்த்தியா ஓதிலியா. இவ போட்ட கட்டு. மலடாயிட்டாளே, இனிமே பிரயோஜனம் இல்லைன்னு சீமாட்டியைப் பிடிச்சேன். கொம்பு ஞாபகமே வரல."

"எப்போ ஆரம்பிச்சுது?"

"எது?"

"ஆடுங்க மாசம் ஆகாம குட்டி வீசுறது."

"அங்கொண்ணு இங்கொண்ணு எல்லாப் பட்டியிலயும்தான் வீசும்."

"அப்பா."

அவர் எழுந்து போய் அடுப்பைக் குத்திவிட்டார். முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினார். "நீ நாலாவது வருஷம் படிக்கும்போது. முதல்ல ரெண்டு மூணு. அப்புறம் ஒவ்வொரு வசந்தத்துலயும் கூடிட்டே போச்சு. இந்த வருஷம்... பாதி."

"ஆடுங்களைக் குட்டி வீச வைக்கிற மால்டா காய்ச்சல்னு ஒரு வியாதி, தெரியுமா?"

"எனக்கு அதோட பேரெல்லாம் தெரியாது. ரத்தம் எடுக்க ஆளு வந்தா என்ன ஆகும்னு தெரியும். ஆத்துப் பக்கம் ஒருத்தன் பட்டியில எடுத்தாங்களே. குழி தோண்டி மொத்தத்தையும் புதைச்சாங்க. அவன் இப்ப மெந்தோசாவுல கார் கழுவுறான்."

"அதுக்குப் பறவையைக் கொல்லணுமா? அதுங்க உங்களை என்ன பண்ணுச்சு?"

அப்போதுதான் அவர் திரும்பினார். "காட்டிக் குடுத்துச்சு!"

அந்தக் கத்தலில் ஓதிலியா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"விடிஞ்சா வந்து சுத்தும். என் வீட்டு மேல மட்டும். பத்து, பன்னண்டு, அப்புறம் எண்ணவே முடியல. நஞ்சுக்கொடியைப் புதைச்சுப் பார்த்தேன், நாய் தோண்டிச்சு. எரிச்சுப் பார்த்தேன்; புகையைப் பார்த்து ஆளு வந்தான். இந்த ஊர்க்காரன் எவனும் செய்தித்தாள் படிக்கிறதில்ல, வானத்தைத்தான் படிக்கிறான். போன வாரம் குட்டி வாங்குற லாரிக்காரன் ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு இறங்கி வந்தான். 'என்ன நிக்கானோர், உன் வீட்டு மேல தினம் கல்யாணமா?'ன்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். அவன் டிசம்பர்ல வரலைன்னா நாங்க எதைத் தின்னுறது? சொல்லு, எதை?"

"அதனால வானத்தைக் காலி பண்ணிட்டீங்க."

"ஆமா. காலி பண்ணிட்டேன்."

"செஃபெரினோ எல்லையில போட்டது?"

"அது மேடு. மேட்டுலதான் அதுங்க இறங்கும். தின்னுட்டுத் திரும்பக் கிளம்ப சரிவு வேணும் அதுக்கு. உனக்குத் தெரியாததா?" பிறகு சற்றுத் தணிந்து சொன்னார்: "அவன் எல்லைன்னு தெரியும். தெரியாதுன்னு சொல்லல."

அவளுக்கு அவர்மேல் இருந்த கோபத்தைவிட, அவர் சொன்னது எல்லாம் சரியாக இருந்ததுதான் தாங்கவில்லை. காண்டார் எங்கே இறங்கும், எந்தக் காற்றில் எழும், யார் கிழிப்பார்கள், யார் காத்திருப்பார்கள் என்று அவள் ஆறு வருஷம் படித்ததை, அவர் ஒரே ஒரு விருந்துக்குப் பயன்படுத்தியிருந்தார்.

கதவு காற்றோடு திறந்தது. அண்ணன் மனைவி ரொமினா பால் வாளியோடு உள்ளே வந்தாள். அண்ணன் தாரியோ எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனால் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவான். பட்டி முழுக்க ரொமினா தலையில்தான். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. போன குளிர்காலத்தில் ஒன்று நிற்காமல் போயிருந்தது. குதிரையில் ஏறினாள், அதனால்தான் என்றார்கள்.

"யானி! எப்போ வந்தே? ரோட்டுல பசுவால்தோ வண்டி நிக்குது. உள்ள செஃபெரினோ தாத்தா உக்காந்துக்கிட்டு அவனோட ஏழு தலைமுறையையும் திட்டிட்டு இருக்காரு. என்ன பண்ணாரு அவரு?"

ஓதிலியா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரொமினா வாளியை வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "மாமா, இன்னைக்கும் ஒண்ணு வீசிடுச்சு. அந்த வெள்ளைப் பெட்டை. நஞ்சுக்கொடி உள்ளயே நின்னுடுச்சு, கையை விட்டு இழுத்துத்தான் எடுத்தேன். பட்டிக்கு வெளிய பாறை மேல போட்டேன். எப்பவும் இந்நேரத்துக்குச் சுத்தமா ஆயிருக்கும். ஒரு பறவையையும் காணோம். நாய்தான் தூக்கிக்கிட்டுத் தண்ணித் தொட்டிகிட்ட போட்டு இழுத்துட்டு இருக்கு. கல்லால அடிச்சாலும் விட மாட்டேங்குது."

"கையைக் காட்டு அண்ணி," என்றாள் யானினா.

"எதுக்கு?"

"காட்டு."

குளிரில் வெடித்த கை. முழங்கை வரைக்கும் கழுவியிருந்தாள், வெறும் தண்ணீரில். விரல் கணுக்களில் வெடிப்பு வாய்பிளந்து சிவப்பாக இருந்தது.

"அந்தப் பாலை இனிமே தொடாத. ஆட்டையும் தொடாத. நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்ற."

"என்னடி, என்னைப் பயமுறுத்துற?"

"ஆட்டுக்குட்டி ஏன் விழுதோ, அதுக்குத்தான் உன் பிள்ளையும் போச்சோ என்னவோ. ஆமாம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, சோதிச்சாத்தான் தெரியும். ஆனா வியாதி அது மனுஷனுக்கும் வரும். பாலுல வரும், சீஸுல வரும், அந்த நஞ்சுக்கொடியில ரொம்ப வரும். அம்மாவுக்கு வந்திருக்கிறது மூட்டுவாதம் இல்ல."

ரொமினா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ஓதிலியா அவசரமாக, ஏதோ தீயை அணைக்கிறவள் மாதிரி பேசினாள்: "இவளுக்குக் குடுக்கிற பாலை நான் காய்ச்சித்தான் குடுக்கிறேன். போன வருஷத்துல இருந்தே. நல்லாப் பொங்க விட்டுத்தான்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கு மட்டும் தனியா காய்ச்சிக் குடுத்தீங்க," என்றாள் ரொமினா மெதுவாக. "பாசம்னு நினைச்சேன் அத்தை. அம்மாகிட்டகூடப் பெருமையா சொன்னேன்."

"பாசந்தான்டி..."

"விக்கிற சீஸுக்குக் காய்ச்சினீங்களா அம்மா?" என்று யானினா கேட்டாள். ஓதிலியா கெட்டிலைக் கையிலெடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். காய்ச்சின பாலில் அந்தச் சீஸ் வராது. அது எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கு ஆட்டைப் பத்தித்தான் தெரியும்," என்றார் நிக்கானோர். யாரையும் பார்க்காமல் சொன்னார். "இந்தப் புள்ளை விஷயம் எனக்குத் தெரியாது. குதிரையிலதான்னு நினைச்சேன். சத்தியமா."

அதை யானினா நம்பினாள். நம்பியதால் ஒன்றும் குறையவில்லை.

"நான் உங்களைக் கூப்பிட்டுப் போகத்தான் வந்தேன் அப்பா. ரோட்டு வரைக்கும் வாங்க. வண்டியில இருக்கிறவர் இறங்கட்டும், நீங்க நடந்ததைச் சொல்லுங்க. மிச்ச மருந்து டப்பாவைக் குடுங்க. நான் ரத்தம் எடுக்கிறேன். நீங்களா வந்து சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கும்."

"டிசம்பர் வரட்டும். லாரி வந்து போகட்டும். அப்புறம் உனக்கு வேணுங்கிற ரத்தம் எடு, என் ரத்தத்தையும் சேர்த்து எடு."

"பாக்க நல்லாயிருக்கிற குட்டிங்களை ஏத்தி அனுப்பி, வியாதியைப் பரப்பிட்டு?"

"செஃபெரினோ கிழவன். பொண்டாட்டி இல்ல, புள்ளை இல்ல. ரெண்டு மாசம் வச்சிருந்து விட்டுடுவாங்க. உள்ள சூடா சாப்பாடாவது கிடைக்கும் அவனுக்கு."

"அப்பா!"

"கத்தாத. என் வீட்டுல நீ கத்தாத. நாலாவது வருஷம் நான் ஆளைக் கூப்பிட்டிருந்தா உன் படிப்பு அன்னைக்கே முடிஞ்சிருக்கும். மெந்தோசாவுல ரூமு, புஸ்தகம், அந்த வெள்ளைக் கோட்டு, எல்லாம் இந்தப் பட்டிதான். ஏட்டுச் சுரைக்காயை வாங்கிக் குடுத்தது இந்த ஆடுங்கதான், டாக்டரம்மா. அதை வச்சு இப்ப என்னையே அறுக்க வந்திருக்கே."

இது வரும் என்று அவளுக்குத் தெரியும். மேட்டிலிருந்து இறங்கிவரும்போதே, இதைத்தான் சொல்லப்போகிறார் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டேதான் நடந்துவந்தாள். பட்டமளிப்பு நாளில் எடுத்த படம் சுவரில் மாட்டியிருந்தது. கடன் வாங்கிய கோட்டில் அப்பா, பக்கத்தில் அவள். அந்த வருஷமும் பாறைகளின் மேல் குட்டிகள் கிடந்திருக்கின்றன. காண்டார்கள் வந்து, சத்தமில்லாமல், துடைத்துவிட்டுப் போயிருக்கின்றன. எலும்பையும் கரைக்கிற வயிறு அவைகளுக்கு. இந்த வீட்டின் அசிங்கத்தை எல்லாம் அவை வருஷக்கணக்காகத் தின்று மறைத்தன. அவை வந்து நின்றதைத்தான் இவர் காட்டிக்கொடுத்ததாக எடுத்துக்கொண்டார்.

"தெரியும்," என்றாள். "நீங்க போட்டதைத் தின்னுதான் வளர்ந்தேன். உள்ள என்ன கலந்திருக்குன்னு நானும் கேக்கல. மேல இருந்து பார்த்தேன், விருந்து தெரிஞ்சுது, இறங்கினேன். ஆனா நான் இன்னும் சாகல அப்பா. எழுந்து போக முடியும்."

நிக்கானோர் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். பெரிய கைகள். அந்தக் கைகளால் சினை ஆட்டின் வயிற்றைத் தடவியே குட்டி எப்படித் திரும்பியிருக்கிறது என்று சொல்வார். இப்போது அவை குளம்புப் பையின் இரண்டு பக்கமும், அதைத் தொடாமல், கிடந்தன.

"வர்றீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் மலையும் அதற்கு மேலே ஒன்றுமே இல்லாத நீலமும் இருந்தன.

"மழை வருமா பாரு, ஓதிலியா," என்றார். "மரத்தடியில உப்பு மூட்டை நனைஞ்சுடும்."

பசுவால்தோவின் வண்டியில் பின்னால் ஒரு நீலப் பெட்டி இருந்தது. ஊசி, ரத்தக் குழாய்கள், பனிக்கட்டி. வண்டியைக் கீழே ரோட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னவளும் அவள்தான்; செஃபெரினோவை ஊருக்குக் கொண்டுபோகாமல் ஒரு மணி நேரம் வைத்திருக்கச் சொன்னவளும் அவள்தான். "எதுக்கு?" என்று பசுவால்தோ கேட்டதற்கு, "இறக்கிவிட வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. ஆக, அவள் இங்கே முடிவெடுக்க வரவில்லை. அப்பா தன் காலால் நடந்து வருவாரா என்று பார்க்க வந்தாள். அவ்வளவுதான்.

ஓதிலியா குடுவையில் இலையை மாற்றி, புதிதாக வெந்நீர் ஊற்றி, சர்க்கரை போட்டாள். இந்த வீட்டில் யாரும் சர்க்கரை போட்டுக் குடிப்பதில்லை, யானினாவைத் தவிர. இரண்டு கையாலும் நீட்டினாள். "இன்னொண்ணு குடி. குடிச்சுட்டு உக்காரு. அவர் யோசிக்கட்டும். எதுவானாலும் நாளைக்குப் பேசலாம் யானி."

யானினா நின்றபடியே வாங்கினாள். சூடு ஆறும்வரை காத்திருக்கவில்லை. குழலில் கொர்ரென்று ஓசை வரும்வரை உறிஞ்சினாள். நாக்கு பொத்துப்போனது. குடுவையை அம்மாவின் கையில் வைத்தாள்.

"நன்றி," என்றாள்.

ஓதிலியாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. நிக்கானோர் தலையைத் தூக்கினார். அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு காலத்தில் விழுந்து விழுந்து சிரித்தவர், இப்போது தன் முன்னால் இருந்த ரொட்டித் தட்டை வெறித்துப் பார்த்தார்.

மேஜையிலிருந்து குளம்புப் பையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள். ரொமினா எழுந்தாள், பால் வாளியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே வெளியே போனாள். மண்ணில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

வெளியே காற்று. தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் நாய் எதையோ இரண்டு காலாலும் அழுத்திக்கொண்டு இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. அவள் கல்லை எடுத்து வீசினாள். நாய் கொஞ்சம் நகர்ந்து, அதையும் இழுத்துக்கொண்டு போய், மறுபடி படுத்தது. ரோட்டில் வண்டிக்குள்ளிருந்து செஃபெரினோ இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். யானினா பட்டியின் கல்சுவரை ஒட்டி, மேலே பார்க்காமல், வண்டியை நோக்கி நடந்தாள்.